ஆணியில் தொங்கிய வினை

பதி, பசு, பாசம் என்று பலகையில் எழுதிவிட்டு, "பாசம்னா என்ன?" என்று ஆசிரியர் கேட்டார். எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பு அது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வங்கியில் இருந்தவர் "அன்பு" என்றார். தலைமையாசிரியராக இருந்தவர் "பற்று" என்றார். ஆசிரியர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் பிறகு ஏறின பொருள். பாசம்னா கயிறு. மாட்டைக் கட்டுற கயிறு" என்றார்.

அதுவரை தூணில் சாய்ந்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 38 வருடம் கயிற்றைப் பிடித்துப் பிழைத்தவன் நான். ஊரில் கலாசி என்பார்கள், சம்பளப் பதிவேட்டில் ரிக்கர் என்று எழுதுவார்கள், கடைசிப் பன்னிரண்டு வருடம் ஃபோர்மேன் என்றார்கள். பாய்லர் டிரம், டிரான்ஸ்ஃபார்மர், மில் ரோலர், பாலத்து கர்டர் என்று எதையாவது தூக்கி, நகர்த்தி, சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். தூக்கும் சாமான் என்னுடையதல்ல, கிரேனும் என்னுடையதல்ல. கொக்கிக்கும் சாமானுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பத்தடிதான் என் உத்தியோகம்.

அந்தப் பத்தடியைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டும் என்று 1987-லிருந்து ஒரு கேள்வி எனக்குள் கிடக்கிறது. என்ஜினியரிடம் கேட்டால் அவர் வேறு ஏதோ சொல்வார். பூசாரியிடம் கேட்டால் பரிகாரம் சொல்வார். ஒன்றுமே நடக்காத தவறுக்குப் பாவம் உண்டா? இதுதான் கேள்வி.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சர்க்கரை ஆலை. பெயர் வேண்டாம். அரவை முடிந்தபின் மில் ரோலர்களைக் கழற்றி, தேய்ந்த பல்லை மறுபடி வெட்ட அனுப்புவார்கள். தண்டோடு சேர்த்து ஒரு ரோலர் 10 டன். பக்கத்துக்கு ஒரு சிலிங்காக இரண்டு சிலிங் போட்டுத் தூக்க வேண்டும். சிலிங் என்றால் இரு முனையிலும் கண் வைத்த தூக்குக் கயிறு, மாட்டிய பிறகு ஒவ்வொன்றும் ஒரு கால். கையில் இருந்தது 26 எம்எம் கம்பிக்கயிறு, ஒவ்வொன்றும் 8 டன் சிலிங். இரண்டு கால் சேர்ந்தால் 16 டன் ஆகிறதே, 10 டன்னுக்கு என்ன பயம் என்று கணக்குத் தெரியாதவன் நினைப்பான். எனக்குக் கணக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

கயிறு நேராகத் தொங்கினால் ஒரு காலுக்கு 5 டன். கால்கள் விரிய விரிய, அதே சாமான் கனம் கூடிக்கொண்டே போகும். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் கயிறு நின்றால் காலுக்கு 5.8 டன். 45-க்கு இறங்கினால் 7 டன். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழுசாக 10 டன். சாமான் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. இரண்டு கயிறும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதில் பாதி பலம் போய்விடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

போதாததற்கு, கயிற்றின் ஒரு முனையை மறு முனையின் கண்ணுக்குள் விட்டு இறுக்கும் சோக்கர் கட்டில் சிலிங்கின் திறன் ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். 8 டன் சிலிங் 6.4 டன் சிலிங் ஆகிவிடும்.

கால் விரியாமல் நிற்கிற நீளமான சிலிங்குகள் பாய்லர் பக்கம் வேறு கும்பலிடம் இருந்தன. போய் வாங்கி வர அரை மணி நேரம் ஆகும். மேஸ்திரி ஸ்டோருக்குப் போயிருந்தார். சாப்பாட்டுச் சங்குக்கு இருபது நிமிடம். கிட்டே கிடந்த குட்டைச் சிலிங்கைச் சோக்கராகப் போட்டேன். தண்டில் பேரிங் உட்காரும் வழவழப்பான இடத்தில் போட்டால் கீறல் விழும் என்று, கடைசியில் சதுரமாகக் கடைந்திருக்கும் முனையில் போட்டேன். சதுரம் என்றால் விளிம்பு. கத்தி மாதிரி விளிம்பு. அந்த இடத்தில் சாக்கை மடித்து வைக்க வேண்டும், கட்டை வைக்க வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் பாதியாகப் பிளந்த பைப்பையாவது செருக வேண்டும். நான் எதுவும் வைக்கவில்லை. ஆபரேட்டரைப் பார்த்து "ஹபீஸ்" என்று கையைத் தூக்கினேன். எங்கள் கலாசி பாஷையில் ஹபீஸ் என்றால் தூக்கு, ஆரியா என்றால் இறக்கு. ஆரியா போர்த்துக்கீசிய மாலுமிகள் விட்டுப்போன சொல் என்பார்கள். மதமும் சாதியும் வேறாக இருந்தாலும் இந்த இரண்டு சொல்லுக்குத் துறைமுகம் முழுக்க ஒரே அர்த்தம்தான்.

கயிறு முனகியது. ரோலர் எழுந்தது. டிராலியில் உட்கார்ந்தது. சங்கு ஊதியது. எல்லாரும் கை கழுவப் போனார்கள்.

சிலிங்கைக் கழற்றியபோது ஒன்றில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு இடம் தட்டையாகப் பளபளத்தது. விளிம்பு நசுக்கிய தழும்பு. கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். கம்பி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மேலே கொஞ்சம் கிரீஸை அப்பி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்கு எலுமிச்சம்பழச் சாதம். நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஜனவரி, அரவை உச்சத்தில் இருந்தபோது, ராத்திரி ஷிஃப்டில் அதே மில்லில் 4 டன் பல்சக்கரம் ஒன்றை வேறு கும்பல் கழற்றியது. சக்கரம் தண்டில் இறுகிப் போயிருந்தது. கிரேனை இழுக்க விட்டு, சம்மட்டியால் தட்டினார்கள். திடீரென்று விடுபட்டதும் வெடுக்கென்று துள்ளியது. கயிறு அறுந்தது. கையாளாக வந்த பத்தொன்பது வயசுப் பையனுக்கு இடது பாதம் போய்விட்டது.

நான் காலையில் போய்ப் பார்த்தேன். அறுந்த சிலிங் ஓரமாகக் கிடந்தது. அறுந்த இடம் கண்ணிலிருந்து மூன்றடி. என் தழும்பும் ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. ஆனால் சோக்கர் போடுகிற எந்தச் சிலிங்கும் அந்த இடத்தில்தான் தேயும். அறுந்த முனை பூ மாதிரி விரிந்து கிடந்ததால் தழும்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. சிலிங்கில் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று தொங்க வேண்டும். எத்தனை டன் என்பதை அதில் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும், தகுதியுள்ள ஆள் வருடத்துக்கு ஒரு முறையாவது முழுசாகப் பரிசோதித்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் 29-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. இதில் வில்லை இல்லை. அந்தப் பட்டறையில் 26 எம்எம் சிலிங் எட்டோ ஒன்பதோ இருந்தது, பாதிக்கு வில்லை கிடையாது. நான் மாட்டிய ஆணியைப் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. ஆனால் நாலு மாதத்தில் எது எந்த ஆணிக்குப் போனது என்று யார் கண்டார்?

விசாரணையில் "இந்தச் சிலிங்கைக் கடைசியாகப் பார்த்தது யார்?" என்று கேட்டார்கள். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

விதி என்று முடிந்தது. வாசலில் இருக்கிற முனீஸ்வரருக்குக் கிடா வெட்டினார்கள். கேன்டீனில் கறிச்சோறு. மேஸ்திரி மட்டும் இலையில் உட்காரவில்லை. மறுநாள் காலை எல்லாச் சிலிங்கையும் ஆணியிலிருந்து இறக்கச் சொன்னார். வில்லை இல்லாததை எல்லாம் தனியாகப் போட்டு, கேஸ் கட்டரால் ஒவ்வொன்றையும் கை நீளத் துண்டாக வெட்டினார். பாதி கயிறு நல்ல கயிறு, ஏன் மேஸ்திரி என்று கேட்டேன். "முழுசாக் கிடந்தா எவனாவது எடுத்துட்டுப் போய் மாட்டக் கட்டுவான்டா. மாடு போனாப் பரவாயில்ல. திரும்பவும் லோடக் கட்டுவான்" என்றார். எனக்குத் தெரிந்து பரிகாரம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான காரியத்தை நான் பார்த்ததில்லை. அதைச் செய்தவர் பரிகாரம் என்ற சொல்லை வாழ்நாளில் உச்சரித்தவரும் அல்ல.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 8 டன் என்று முத்திரை குத்திய கம்பிக்கயிறு, புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 40 டன் வரை தாங்கும். ஐந்தில் ஒரு பங்கைத்தான் நமக்குக் கொடுக்கிறார்கள். இரும்புச் சங்கிலியாக இருந்தால் நாலில் ஒரு பங்கு, இப்போது வந்திருக்கிற பாலியஸ்டர் பெல்ட்டாக இருந்தால் ஏழில் ஒரு பங்கு, ஆள் ஏறும் லிஃப்ட்டின் கயிற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி யாருக்கு என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். கயிறு தேயும், உள்ளே துருப்பிடிக்கும், ஆபரேட்டர் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பான், எடை எழுதினவன் தப்பாக எழுதியிருப்பான், காலி என்று சொன்ன பெட்டிக்குள் எண்ணெய் இருக்கும். இதில் எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததற்கென்று எடுத்து வைத்த பங்கு அது. ஆணவ மலம் அறிவை மறைக்கும் என்று சித்தாந்தம் சொல்கிறது. எவ்வளவு மறைக்கும் என்று சொல்வதில்லை. கம்பிக்கயிற்றைப் பொறுத்தவரை ஐந்து மடங்கு என்று யாரோ ஒரு என்ஜினியர் உட்கார்ந்து எழுதிவிட்டார்.

அந்தப் பங்கு இருப்பதால்தான் அன்றைக்கு என் ரோலர் விழவில்லை. விழாததால்தான் என் தவறு தவறாகவே ஆகவில்லை. "போன தடவை தூக்குச்சே" என்ற வாக்கியத்தை என் தொழிலில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். தெய்வத்துக்கு முடிந்து வைத்த காசிலிருந்து தினம் ஒன்றாக உருவிக்கொண்டு, மஞ்சள் துணி முடிச்சு இன்னும் அப்படியேதானே இருக்கிறது என்று சொல்வதைப் போல அது.

கயிறு அப்படி விட்டுவிடுவதில்லை. 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி முதல் கம்பிக்கயிற்றை முறுக்கினார். அதற்கு முன்னால் சங்கிலியால் தாதுவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலி அடிக்கடி அறுந்தது. சங்கிலியில் ஒரு வளையம் போனால் மொத்தமும் போயிற்று, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாது. ஆல்பர்ட் 3.5 மில்லிமீட்டர் கம்பி நாலை முறுக்கி ஒரு புரி, அப்படி மூன்று புரி சேர்த்து ஒரு கயிறு செய்தார். ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பி அதைத் தாங்கிக்கொள்ளும், அறுந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டு பார்க்கிறவனுக்குச் சொல்லும். இன்றைக்கு நாங்கள் பிடிக்கும் கயிற்றில் ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பதோ முப்பத்தாறோ கம்பி. தத்துவம் அதேதான். ஒரு புரி கயிற்றை ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிற நீளத்துக்குள் பத்துக் கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தாலோ அந்தக் கயிறு இனி ஆகாது. வெறுங்கையால் தடவக் கூடாது, சதையைக் கிழித்துவிடும். காட்டன் வேஸ்ட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தால், அறுந்த கம்பி இருக்கிற இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். நான் பழக்கிவிட்ட பையன்களுக்கு முதல் ஒரு மாதம் இந்த வேலைதான். நூல் நூலாகப் பஞ்சு தொங்குகிற கயிற்றைக் கொண்டுவந்து காட்டுவார்கள், கல்யாண வீட்டில் நரைமுடியை எண்ணிக் காட்டுகிற பேரப்பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷத்தோடு.

ஆக, ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் நினைக்கிற ஒவ்வொரு தடவையும் கயிற்றுக்குள் ஒன்று நடக்கிறது. கணக்கு ஏறுகிறது. வகுப்பில் ஆசிரியர் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரித்துச் சொன்னபோது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. சேர்த்து வைத்தது, இப்போது அனுபவிப்பது, இப்போது புதிதாகச் சேர்ப்பது. கயிற்றைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைத்தேன்.

பிறகுதான் இடித்தது. கையைத் தூக்கினேன்.

"ஐயா, செஞ்சவன் வினை செஞ்சவனுக்குத்தானே வரும்?"

"ஆமாம். அதுதான் நம்ம கொள்கை."

"நான் ஒரு கயித்துல அதிக பாரம் ஏத்துறேன். ஒண்ணும் ஆகல. ஆணியில மாட்டிட்டுப் போயிட்டேன். நாலு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் அதுல சின்னப் பாரம்தான் தூக்குறார். அப்ப அறுந்து, மூணாவது ஆள் காலுல விழுது. வினை யாருது, பயன் யாருக்கு?"

ஆசிரியர் நல்ல மனிதர், அவசரப்படாதவர். மெய்கண்டார் சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரத்துக்குள் எடுத்துக்கொண்ட வழக்குகளில் இதுவும் ஒன்று என்றார். வினை சடம். அதற்கு அறிவு கிடையாது. செய்தவனை அதுவாகத் தேடிக்கொண்டு வராது. அறிவுள்ள ஒருவன் அதைக் கொண்டுவந்து உரியவனிடம் சேர்க்க வேண்டும். இறைவன் ஒருவன் வேண்டும் என்பதற்கே அதுதான் ஒரு காரணம் என்றார். கேட்க அழகாக இருந்தது. கயிறும் சடம்தான், எனக்குத் தெரியாதா? யார் தலைக்கு நேரே தொங்குகிறோம் என்று கயிற்றுக்குத் தெரியாது. அதனால்தான் தூக்கின பாரத்துக்குக் கீழே நடக்காதே என்று முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறோம்.

"அப்ப அந்தப் பையன்?"

"அவனுக்கு அவனுடைய பிராரத்தம். உங்க கயிறு ஒரு கருவி."

வகுப்பில் எல்லாரும் தலையாட்டினார்கள். என்னால் ஆட்ட முடியவில்லை. அந்தப் பதில் பொய் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு சூத்திரத்தோடு வழக்காடுகிற படிப்பு எனக்கில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்கிற வாய் யாருடையது என்று ஒன்று இருக்கிறதே. கால் போனவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு "எல்லாம் என் விதி" என்று சொன்னால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. யாரையும் வெறுக்காமல் மீதி நாளைக் கழிக்க அவன் தேடிக்கொண்ட வழி அது. சிலிங்கை மாட்டினவன் அதையே "அவன் விதி" என்று சொன்னால்? சொல் ஒன்றுதான், இடம்தான் மாறியிருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பள்ளிக்கூடத்தில் மூன்று இடம் படித்தோம். விதி என்ற சொல்லைத் தன்மையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் விதி என்று நான் சொல்லலாம். உன் விதி, அவன் விதி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதிலும் கயிறு என் கையில் இருந்தபோது.

ஆலையில் அந்த விபத்து நடந்த அதே 1988, ஜூலை 8-ஆம் தேதி, கொல்லத்துக்குப் பக்கத்தில் பெருமன் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் போனார்கள். விசாரணை சூறைக்காற்று என்று சொல்லிற்று. உள்ளூர்க்காரர்கள் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. எனக்கு நினைவில் நிற்பது வேறு. தண்ணீருக்குள் கிடந்த பெட்டிகளை மேலே கொண்டுவரப் பேப்பூரிலிருந்து மாப்பிளா கலாசிகளைக் கூட்டிவந்தார்கள். மரக்கப்பல் கட்டித் தள்ளுகிற பரம்பரை. கப்பி, வடம், கையால் சுற்றும் வின்ச், ஒரே குரலில் ஒரு பாட்டு. எங்கள் மேஸ்திரி இளவயசில் அவர்களோடு வேலை பார்த்தவர், அவர் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். கும்பலில் ஒரு கோழிக்கோட்டு பாய் எங்களோடும் இருந்தார். அவர் ஒரு கதை சொல்வார். ஒரு நாட்டுப்புறத்தான் நபியிடம் வந்து, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பட்டுமா, அவிழ்த்துவிட்டு நம்பட்டுமா என்று கேட்டானாம். கட்டிவிட்டு நம்பு என்று பதில் வந்ததாம். "அந்தக் கயிறு எந்த நெலமையில இருந்துச்சுன்னு கேட்டீங்களா பாய்?" என்பார் மேஸ்திரி. பாய் சிரித்துக்கொண்டே, "அதக் கலாசிகிட்ட விட்டுட்டார்" என்பார்.

அதே பாய்தான், அல்லாஹ்வின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வேதத்தில் இருப்பதாகவும் சொல்வார். எங்கள் பக்கம் கயிறு என்றால் அவிழ்க்க வேண்டியது, அவர்கள் பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டியது. ரிக்கருக்கு இரண்டும் ஒரே கயிறுதான். சாமானைக் கட்டுகிற வரைக்கும் அது பாசம், தூக்கின பிறகு அது பிடிப்பு, இறக்கி வைத்ததும் அவிழ்க்க வேண்டும். எப்போது எது என்று தெரிந்திருந்தால் போதும்.

சங்கரர் சொன்ன கயிற்றரவு உதாரணத்தையும் வகுப்பில் எடுத்தார்கள். அரையிருட்டில் கிடக்கிற கயிற்றைப் பாம்பென்று நினைத்துப் பயப்படுகிறான், விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு இல்லை. எனக்கு அந்த உதாரணத்தோடு எப்போதும் சிறு சண்டை உண்டு. என் 38 வருடத்தில் கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று பயந்தவன் ஒருத்தனையும் நான் பார்க்கவில்லை. பாம்பைக் கயிறென்று தோளில் போட்டுக்கொண்டு போனவர்களைத்தான் பார்த்தேன். விளக்கைக் கொண்டுவர அவர்களுக்கும் சோம்பல்தான், எனக்கும் சோம்பல்தான்.

ஆயுத பூஜை அன்றைக்குச் சிலிங்குகளுக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். நான் ஃபோர்மேன் ஆன பிறகு அதை நிறுத்தினேன். சந்தனம் காய்ந்து புரிக்கு நடுவில் இறுகிவிடும், அறுந்த கம்பியை மூடிவிடும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டு வில்லையில் வை, கயிற்றில் வைக்காதே என்றேன். நாத்திகன் என்று பெயர் வந்தது. அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்துவிட்டு வந்து, ஒவ்வொரு சிலிங்கையும் பஞ்சு போட்டுத் தடவி, நம்பரை நோட்டில் எழுதி, ஆகாததை வெட்டிப் போட்ட பிறகுதான் சூடம் கொளுத்துவேன். ஒரு வருடம் பதினோரு சிலிங்கை வெட்டினேன். நிர்வாகத்துக்கு என்மேல் கோபம். முனீஸ்வரருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

புது ஆட்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். தூக்கு, இறக்கு, இடது, வலது என்று சைகை காட்ட ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிகாரம். அவனைத் தவிர வேறு யார் கை காட்டினாலும் ஆபரேட்டர் அசையக் கூடாது. ஆனால் நிறுத்து என்ற ஒரு சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். கூட்டிப் பெருக்க வந்த அம்மா காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும். கோயிலிலோ வீட்டிலோ அலுவலகத்திலோ இப்படி ஒரு சட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டம் இருந்து என்ன? கடைசி ஆளுக்கு வாயைத் திறக்கத் தைரியம் வர வேண்டுமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்றார். வாரம் முழுக்க அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். "நான் சொன்ன பதில் புஸ்தகத்துக்குச் சரி. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பையன்கிட்ட நீங்க சொன்னீங்களா?" என்றார்.

சொல்லவில்லை. அப்போது இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆலைக்கு நாலு கிலோமீட்டரில், பஸ் நிற்கிற இடத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸின் மறுபக்க ஜன்னலில் உட்காருவேன்.

போனேன். மதியம் மூன்று மணி, ஆள் இல்லாத நேரம். கட்டைக் கால் அல்ல, இப்போது நல்ல செயற்கைப் பாதம், செருப்புகூடப் போட்டிருந்தார். பழைய பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்கத் தேங்காய் நார்க் கயிறு புகைந்துகொண்டிருக்கும். இவர் கடையில் நைலான் கயிற்றில் லைட்டர் கட்டித் தொங்கியது. என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்கண்ணே, மேஸ்திரி இருக்காரா?" என்றார். போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் என்றேன். ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

சொன்னேன். ரோலர், குட்டைச் சிலிங், சதுர முனை, சாக்கு வைக்காதது, தழும்பு, கிரீஸ், ஆணி. எலுமிச்சம்பழச் சாதத்தையும் சொன்னேன், ஏனென்று தெரியவில்லை. அது இதே சிலிங்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்றும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வலது கையை விரித்து உள்ளங்கையைக் காட்டினார்.

"அன்னிக்கு ஆணியிலேருந்து அந்தச் சிலிங்க எடுத்துட்டு வந்தது நான்தாண்ணே. தோள்ல போடறப்ப கம்பி இங்க குத்துச்சு. ரத்தம் வந்துச்சு. வேட்டியில தொடச்சுக்கிட்டேன். சேர்ந்து ஆறு நாளுதான் ஆச்சு. சொன்னா, வேலைக்கு வந்துட்டு இதுக்கெல்லாம் அழுவியாடான்னு திட்டுவாங்கன்னு சொல்லல." வெற்றிலைக் கட்டை ஈரச்சாக்கால் மூடினார். "எங்க வீட்டுலகூட இத நான் சொன்னதில்ல."

சோடா பாட்டிலைக் கீழே வைத்தேன். எனக்கு வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"குத்துன எடத்துல ரெண்டு தட்டையா, பளபளப்பா இருந்துச்சா தம்பி? ஒரு சாண் எடைவெளியில?"

அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெனவு இல்லண்ணே. ஒத்த பல்பு எரிஞ்சுச்சு. கிரீஸ்ல எல்லாமே பளபளன்னுதான் தெரிஞ்சுச்சு."